பொம்மை மாடும் பொய் மேகமும்

இங்கிலாந்து. 1900-ம் வருஷம். வயல்வெளியில் ஒரு மாடு மணிக்கணக்காக நிற்கிறது. புல் மேயவில்லை, வாலைக்கூட ஆட்டவில்லை! பக்கத்தில் கூடு கட்டியிருந்த பறவை, 'அட, மாடுதானே!' என்று அலட்சியமாக வந்து முட்டைகள் மீது உட்காருகிறது. அடுத்த நொடி, மாட்டின் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு 'க்ளிக்'!

ஆமாம், அது பொம்மை மாடு. மரச்சட்டத்தின் மேல் நிஜ மாட்டுத்தோலைப் போர்த்தி, ஓர் ஓட்டை வழியே லென்ஸை நீட்டி, உள்ளே குனிந்தபடி வியர்த்து வழிய நின்றார் ஓர் ஆசாமி. இது ரிச்சர்ட் கியர்ட்டன், செர்ரி கியர்ட்டன் என்ற அண்ணன் தம்பியின் வேலை. யார்க்‌ஷயர் கிராமத்துப் பையன்கள். 1892-ல் முட்டைகளோடு ஒரு பறவைக்கூட்டைப் படமெடுத்து ஆரம்பித்தவர்கள், 1895-ல் முழுக்க முழுக்கப் புகைப்படங்களோடு பறவைக்கூடுகள் பற்றி ஒரு புத்தகமே போட்டார்கள். இயற்கைப் புகைப்படக் கலையின் முன்னோடிகள்!

இப்போது 117 வருஷம் தாண்டி 2017-க்கு வாருங்கள். லண்டன் இயற்கை வரலாற்று மியூசியம் நடத்தும் 'ஒயில்ட்லைஃப் போட்டோகிராஃபர் ஆஃப் தி இயர்' போட்டி. உலகமே மதிக்கிற போட்டி அது. பிரேசில் நாட்டுக் காட்டில் எடுத்த ஒரு படத்துக்குப் பரிசு தருகிறார்கள். இரவு நேரம். ஒரு கரையான் புற்று. அதில் குடியிருக்கும் வண்டுப் புழுக்கள் பச்சை நட்சத்திரங்களாக மின்ன, புற்றை நோக்கி வருகிறது ஒரு பெரிய எறும்புத்தின்னி. அடடா!

சில மாதங்களில் மியூசியத்துக்கு ஒரு தகவல் வந்தது. 'அந்த எறும்புத்தின்னி, அதே காட்டின் நுழைவாயில் பக்கம் வைத்திருக்கும் பாடம் செய்த எறும்புத்தின்னி மாதிரியே இருக்கிறதே?' ஐந்து நிபுணர்கள் இரண்டையும் ஒப்பிட்டார்கள். முடியும் கோடுகளும் அச்சு அசலாக ஒன்றுபோல இருந்தன. புகைப்படக்காரர் கடைசிவரை மறுத்தார். ஆனாலும் 2018 ஏப்ரலில் பரிசைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

கவனித்தீர்களா? இரண்டிலும் பொம்மைதான். கியர்ட்டன் சகோதரர்களின் பொம்மை கேமராவைச் சுற்றி நின்றது. அது ஏமாற்றியது பறவையை மட்டும்தான்! நிபுணர்கள் சொல்வது சரியென்றால் இந்த எறும்புத்தின்னி நின்றது கேமராவுக்கு முன்னால். அது ஏமாற்றியது நம்மை! இயற்கைப் புகைப்படப் போட்டியின் மொத்த வரலாறுமே இந்தக் கோட்டை எங்கே போடுவது என்கிற தகராறுதான்.

நம்ம ஊரில் இந்தக் கதை இன்னும் முன்னாலேயே தொடங்கிவிட்டது. 1855-ல் சென்னையில் ஒரு பெரிய பொருட்காட்சி. லின்னேயஸ் ட்ரைப் என்ற கம்பெனி ராணுவ அதிகாரி, அதுவரை யாரும் படமெடுத்திராத கோயில்களின் படங்கள் 68-ஐக் காட்சிக்கு வைத்தார். 'காகிதத்தில் அச்சிட்ட படவரிசைகளில் இதுவே சிறந்தது' என்று தீர்ப்பளித்தார்கள் நடுவர்கள். 1857-ல், சென்னை ஓவியப் பள்ளியை உருவாக்கிய டாக்டர் அலெக்ஸாண்டர் ஹன்ட்டர் 'போட்டோகிராஃபிக் சொஸைட்டி ஆஃப் மெட்ராஸ்' என்ற சங்கத்தைத் தொடங்கினார். அந்தப் பெயரில் சங்கம் இன்றும் சென்னையில் உண்டு.

அதே 1855-ல் ட்ரைப் பர்மாவுக்குப் போனார். பிரமாதமான படங்கள் எடுத்தார். ஒரே ஒரு குறை... வானம்! அந்தக் கால நெகட்டிவுக்கு நீல நிறம் என்றால் அளவுகடந்த வேகம். தரை பதிவாவதற்குள் வானம் அளவுக்குமேல் வெளிச்சம் வாங்கி, வெள்ளைக் காகிதமாக வெளுத்துப்போகும். மேகம் காணாமல் போய்விடும். ட்ரைப் என்ன செய்தார் தெரியுமா? நெகட்டிவ் மீதே மேகங்களை வரைந்துவிட்டார்! பிரான்ஸில் குஸ்தாவ் ல கிரே வேறு வழி பிடித்தார். கடலுக்கு ஒரு நெகட்டிவ், வானத்துக்கு ஒரு நெகட்டிவ். இரண்டையும் சேர்த்து ஒரே படம். 1850-களில் இவற்றைப் பார்த்து லண்டனே மயங்கியது. 'மோசடி' என்று யாரும் அவரை ஊரைவிட்டு விரட்டவில்லை.

அதே மேகம் 2012-ல் வேறு வேலை பண்ணியது. பிரிட்டனின் 'லேண்ட்ஸ்கேப் போட்டோகிராஃபர் ஆஃப் தி இயர்' போட்டி. ஒரு கடற்கரைக் கோட்டை, முன்னால் கவிழ்த்துப்போட்ட படகுகள். முதல் பரிசு! பிறகுதான் சிலர் கண்ணில் பட்டது, வெயில் விழும் திசையும் மேகமும் ஒத்துப்போகவில்லை. எடுத்தவர் ஒப்புக்கொண்டார். கம்ப்யூட்டரில் மேகம் சேர்த்திருந்தார். விதிமுறையைச் சரியாகப் படிக்கவில்லையாம். 10,000 பவுண்டு பரிசு கைநழுவிப்போனது.

150 வருஷத்தில் மேகமா மாறிவிட்டது? மாறியது ஒப்பந்தம். ட்ரைப் காலத்து மேகம், இயந்திரத்தால் முடியாததைக் கை நிரப்பியது. 2012-ல் கேமராவால் மேகத்தை எடுக்க முடியும். 'அங்கே இருந்ததைத்தான் காட்டுகிறேன்' என்று சொல்லித்தான் படத்தையே அனுப்புகிறோம்.

உங்களுக்கும் கேமரா ஆசை இருக்கிறதா? ஒரு கேமரா கிளப்பில் சேருங்கள். படத்தில் உங்கள் பெயர் இருக்காது. நடுவர் நாலு பேர் முன்னால், 'குருவி நன்றாக இருக்கிறது, பின்னால் அந்தக் குச்சி எதற்கு?' என்பார். முகம் சுருங்கும். ஆனால், அந்த ஒரு வாக்கியம் ஒரு வருஷப் பாடம்! பெங்களூரின் டி.என்.ஏ. பெருமாள், ஓ.சி. எட்வர்ட்ஸ் என்ற மூத்தவரிடம் இப்படி உட்கார்ந்து கற்றவர்தான். சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பின் 'மாஸ்டர்' பட்டம் வரை போனார். 2017-ல் காலமாகும்வரை எத்தனையோ இளைஞர்களுக்குக் கற்றும் கொடுத்தார்.

'குச்சியைக் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டால் போச்சு' என்கிறீர்களா? அங்கேதான் வம்பு! 2014-ல் அந்தக் கூட்டமைப்பும், அமெரிக்க, பிரிட்டிஷ் புகைப்படச் சங்கங்களும் சேர்ந்து 'நேச்சர்' பிரிவுக்கு ஒரே இலக்கணம் வகுத்தன. ஓரத்தை வெட்டலாம். ஆனால், எதையும் சேர்க்கக்கூடாது, அழிக்கக்கூடாது, நகர்த்தக்கூடாது. சரி, காட்டிலேயே அந்தக் குச்சியை ஒடித்துவிட்டால்? கம்ப்யூட்டர் கண்டுபிடிக்காது. பருந்து கண்டுபிடித்துவிடும்! கூட்டை மறைத்திருந்த கிளை போனால் குஞ்சுக்கு வெயில், எதிரிக்கு வழி. அதனால்தான் இந்தியாவில் பல போட்டிகள் கூட்டிலிருக்கும் பறவைப் படங்களை வாங்குவதே இல்லை. கியர்ட்டன் சகோதரர்களின் 1892 படம் இன்று வந்தால், வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள்!

இன்று மேகம் வரையத் தூரிகை வேண்டாம். கம்ப்யூட்டரிடம் சொன்னாலே மேகமும் தரும், மேகத்துக்குக் கீழே புலியும் தரும். சந்தேகம் வந்தால் கேமராவின் மூல ஃபைலைக் கேட்பார்கள். ஆனால், குச்சியை யார் ஒடித்தார்கள் என்று எந்த ஃபைலும் சொல்லாது. நடுவர் அந்தக் காட்டுக்கு வந்ததில்லை. வந்தது நீங்கள் மட்டும்தான். விண்ணப்பத்தின் கடைசி வரியில் கையெழுத்துப் போடும்போது, சாட்சி சொல்வதும் நீங்கள் மட்டும்தான்!