பஸ்டர் கீட்டன்: பட்டறையோடு முடிந்த இயக்குநர் வாழ்வு

ஊமைப்பட நகைச்சுவைக் கலைஞர்களின் சரிவுக்கு வழக்கமாக ஒரே காரணம் சொல்லப்படுகிறது: படம் பேசத் தொடங்கியது, பேச்சுக்குப் பழகாதவர்கள் பின்தங்கினார்கள். பஸ்டர் கீட்டனைப் பற்றியும் இதையே சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால் அவருடைய படங்களைக் காலவரிசையில் வைத்துப் பார்த்தால் இந்தக் காரணம் நிற்பதில்லை. அவர் தம் படங்களின் மீதிருந்த பிடியை இழந்தது 1928இல். அப்போது அவர் ஊமைப்படங்களில்தான் நடித்துக்கொண்டிருந்தார். கீட்டனை இயக்குநராக்கியது எது, அது எப்படிக் கைநழுவியது என்ற கேள்விகளுக்கான விடையை அவர் வேலை செய்த முறையில் தேடுகிறது இக்கட்டுரை.

மேடை தந்த பயிற்சி

கீட்டன் 1895 அக்டோபர் 4 அன்று அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்துச் சிற்றூரான பிக்வாவில் பிறந்தார். பெற்றோர் ஜோவும் மைராவும் ஊர் ஊராகச் சென்று நிகழ்ச்சி நடத்திய மேடைக் கலைஞர்கள். நடை பழகிய சில ஆண்டுகளிலேயே பிள்ளையும் மேடையேறி, குழு 'மூன்று கீட்டன்கள்' ஆனது. அடங்காத பிள்ளையைத் தகப்பன் தூக்கி எறிவதுதான் அவர்களுடைய நிகழ்ச்சியின் சாரம். எறிவதற்கு வசதியாகப் பையனின் சட்டை முதுகில் பெட்டியின் கைப்பிடி ஒன்றைத் தைத்திருந்தார்கள். குழந்தைகள் மீதான கொடுமையைத் தடுக்கும் நியூயார்க் சங்கம் இதைப் பலமுறை எதிர்த்தது.

இந்த மேடையில் அவர் கற்ற பாடங்கள் இரண்டு. அடிபடாமல் விழுவது ஒன்று. விழுந்து எழுந்த பிறகு தான் சிரித்தால் அரங்கு சிரிப்பதில்லை, முகம் அசையாதிருந்தால் அரங்கே அதிர்கிறது என்பது மற்றொன்று. பின்னாளில் அவருடைய அடையாளமான 'கல்முகம்' இப்படித் தொழிலில் கண்டறிந்த ஒன்றுதான்.

1917இல் நியூயார்க்கில் நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிளின் படப்பிடிப்புக்குச் சென்றவர், 'தி புட்சர் பாய்' படத்தில் நடித்துவிட்டுத் திரும்பினார். அந்த நாட்களில் கேமரா ஒன்றைக் கழற்றி, அதன் பல்சக்கரங்கள் ஓடும் விதத்தை அவர் ஆராய்ந்ததைப் பலரும் பதிவு செய்திருக்கிறார்கள். நடிப்பைப் போலவே எந்திரமும் அவரை ஈர்த்தது. 1918இல் படையில் சேர்ந்து பிரான்ஸுக்குப் போனவர், செவித்திறன் குறைந்து திரும்பினார்.

பட்டறை

1920இல் ஆர்பக்கிள் முழுநீளப் படங்களுக்குப் போனபோது, தயாரிப்பாளர் ஜோசப் ஷெங்க் கீட்டனுக்குத் தனிக்குழு அமைத்துக் கொடுத்தார். ஹாலிவுட்டில் சார்லி சாப்ளின் முன்பு வேலை செய்த படப்பிடிப்புத் தளமே அவர்களுக்குப் பட்டறையானது. 1920 முதல் 1923 வரை அக்குழுவிடமிருந்து பத்தொன்பது குறும்படங்கள் வெளிவந்தன.

இயக்கத்தில் எடி கிளைன், கதையில் கிளைட் ப்ரக்மன், ஜீன் ஹாவெஸ், ஜோசப் மிட்சல், ஒளிப்பதிவில் எல்ஜின் லெஸ்லி, காட்சி அமைப்புகளைக் கட்டித்தர ஃபிரெட் கபூரி என்று அந்தக் குழு அமைந்தது. முழுமையாக எழுதிய திரைக்கதை அவர்களிடம் இருக்காது. தொடக்கமும் முடிவும் பிடிபட்டால் போதும், நடுப்பகுதி வேலையின் போக்கில் தானே வந்துவிடும் என்பது கீட்டனின் நம்பிக்கை. யோசனை தடைப்பட்டால் எல்லோரும் பேஸ்பால் ஆடப் போவார்கள், விடை கிடைத்ததும் திரும்பி வந்து படமெடுப்பார்கள்.

'ஒன் வீக்' படத்தில் (1920) புதுமணத் தம்பதி பெட்டிகளில் வந்த மரவீட்டைத் தாங்களே பொருத்துகிறார்கள். புயலில் அந்த வீடு பம்பரமாகச் சுழல்வதைக் காட்ட, சுழலும் மேடையின் மீதே வீட்டைக் கட்டினார்கள். 'தி பிளேஹவுஸ்' படத்தில் (1921) ஒன்பது கீட்டன்கள் ஒரே வரிசையில் ஆடுகிறார்கள். லென்ஸின் முன் மூடிகள் வைத்து ஒரு கீற்றை மட்டும் திறந்து படமெடுப்பது, பிலிமைப் பின்னுக்குச் சுற்றுவது, அடுத்த கீற்றைத் திறப்பது என்று ஒன்பது முறை செய்தார்கள். கையால் சுழற்றிய கேமராவின் வேகம் ஒருமுறை பிசகியிருந்தாலும் உழைப்பு முழுவதும் வீண். பட்டறைத் தச்சரின் கைத்திறனும் நடிகரின் காலக்கணக்கும் ஒன்றையொன்று அறிந்த இடத்தில்தான் இத்தகைய காட்சி பிறக்க முடியும்.

முழுநீளப் படங்களும் காட்சி அறமும்

1923இல் முழுநீளப் படங்களுக்கு வந்ததும் கீட்டன் தமக்கொரு கட்டுப்பாடு விதித்துக்கொண்டார். நடக்கவே முடியாத கோமாளித்தனங்கள் குறும்படத்தோடு நிற்கட்டும், நீண்ட கதையைப் பார்வையாளர் நம்பவேண்டும் என்பது அது. 'அவர் ஹாஸ்பிடாலிட்டி' (1923) பழைய காலத்து ரயிலை நுணுக்கமாக மீட்டுக் காட்டுவது இதனால்தான்.

இதோடு இணைந்தது அவருடைய கேமராவின் தூரம். ஆபத்தான செயல் முழு உருவமும் தெரிய, வெட்டில்லாத ஒரே காட்சியாக வரவேண்டும் என்பார். இடையில் வெட்டினால் ஏமாற்று என்று பார்ப்பவர் எண்ணிவிடுவார். 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்' (1928) படத்தில் வீட்டின் முன்சுவர் முழுதும் அவர்மேல் சாய்கிறது. மாடிச் சன்னலின் திறப்பு அவர் நிற்கும் இடத்தில் விழுவதால் உயிர் தப்புகிறார். தோளுக்கும் சட்டத்துக்கும் இடையே இருந்தது சில அங்குலமே.

அதேவேளை, வெட்டையே பொருளாக்கிய படமும் அவருடையதுதான். 'ஷெர்லக் ஜூனியர்' (1924) படத்தில் திரையரங்க ஊழியன் கனவில் திரைக்குள் நுழைகிறான். அவன் நின்றபடி நிற்க, பின்னணி தோட்டமாகவும் பாலைவனமாகவும் கடலாகவும் மாறுகிறது. கேமராவுக்கும் உடலுக்கும் உள்ள தொலைவை அளந்து அளந்து எடுத்த காட்சி இது. இதே படத்தில் ரயில்பாதைத் தண்ணீர்த் தொட்டியிலிருந்து பாய்ந்த நீரில் விழுந்தபோது அவர் கழுத்தெலும்பு முறிந்தது. அது பல ஆண்டுகள் கழித்து எக்ஸ்ரே எடுத்தபோதுதான் தெரியவந்தது.

1862இல் அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது நடந்த ரயில் கடத்தலை அடிப்படையாகக் கொண்ட 'தி ஜெனரல்' (1926), ஆபத்தை உண்மையாகவே நிகழ்த்திப் படமெடுக்கும் அவருடைய முறையின் உச்சம். ஓரிகன் மாநிலத்தின் காட்டேஜ் குரோவ் பகுதியில், எரியும் பாலத்தின் மீது உண்மையான எஞ்சினை ஓட்டி ஆற்றில் விழவிட்டார்கள். இரண்டாம் முறை எடுக்க வாய்ப்பே இல்லாத காட்சி. செலவு எகிறியது, வசூல் ஏமாற்றியது, விமர்சகர்களும் அன்று கைவிட்டார்கள்.

1928: கைமாற்றம்

சக நகைச்சுவைக் கலைஞர்களான சாப்ளினும் ஹரால்ட் லாயிடும் தங்கள் படங்களுக்குத் தாங்களே உரிமையாளர்கள். கீட்டனின் பெயரில் நிறுவனம் இருந்தது, அதன் பங்குகள் அவர் கையில் இல்லை. எனவே ஷெங்க் தனிக்குழுவைக் கலைத்து அவரை எம்.ஜி.எம். நிறுவனத்துக்கு அனுப்பியபோது தடுக்க வழியில்லாமல் போயிற்று. போகவேண்டாம் என்று சாப்ளினும் லாயிடும் சொன்னார்கள். வாழ்வில் தாம் செய்த மிகப்பெரிய தவறு அதுதான் என்று தன்வரலாற்றில் கீட்டனே எழுதினார்.

இங்கே இரண்டு படங்களை ஒப்பிடலாம். எம்.ஜி.எம்.மில் அவருடைய முதல் படமான 'தி கேமராமேன்' (1928) இயக்குநர் எட்வர்ட் செட்ஜ்விக்கின் பெயரில் வந்தாலும் நல்ல கீட்டன் படம். லெஸ்லி, ப்ரக்மன், கபூரி ஆகியோர் அதில் உடனிருந்தார்கள். அடுத்த படமான 'ஸ்பைட் மேரேஜ்' (1929) வருவதற்குள் பழைய குழு சிதறத் தொடங்கியிருந்தது, படத்தின் தரமும் இறங்கியது. இரண்டுமே உரையாடல் இல்லாத படங்கள். இரண்டாவதை ஒலியோடு எடுக்கலாம் என்று கீட்டன் கேட்டதும் நிறுவனம் மறுத்ததும் கவனிக்கத்தக்கவை. பேச்சுக்கு அஞ்சியவர் அப்படிக் கேட்டிருப்பாரா?

பிறகு வந்த பேசும் படங்கள் நன்றாக ஓடி வசூல் தந்தன. அதனால் முறையை மாற்ற நிறுவனத்துக்குத் தேவை ஏற்படவில்லை. எழுதிய வசனம், வகுத்த அட்டவணை, பிறர் முடிவு செய்த கதை என்று வேலை நடந்தது. குடியும் 1932இல் நேர்ந்த மணமுறிவும் சரிவை விரைவுபடுத்தின. 1933இல் நிறுவனம் அவரை நீக்கியது. குடியைச் சரிவின் மூலகாரணமாகக் காட்டுவோர், அது பிடியை இழந்த பிறகே கைமீறிப் போனதைக் கணக்கில் கொள்வதில்லை.

மீள்கண்டறிதல்

அதன்பின் சிறு நிறுவனங்களுக்கு மலிவான குறும்படங்கள், மீண்டும் எம்.ஜி.எம்.மில் பிறருக்கு நகைச்சுவைத் துணுக்கு யோசித்துத் தரும் வேலை. 1949இல் 'லைஃப்' இதழில் விமர்சகர் ஜேம்ஸ் ஏஜி எழுதிய கட்டுரை ஊமைப்பட நகைச்சுவையின் மீது மீண்டும் கண்களைத் திருப்பியது. கீட்டன் ஒருகாலத்தில் வாழ்ந்த பெவர்லி ஹில்ஸ் மாளிகையில் பின்னர் குடியிருந்த நடிகர் ஜேம்ஸ் மேசன், அங்கே பழைய பிலிம் பிரதிகளைக் கண்டெடுத்தார். 1960இல் கௌரவ ஆஸ்கர், 1965இல் வெனிஸ் விழாவில் அரங்கு எழுந்து நின்று தந்த வரவேற்பு என்று அங்கீகாரங்கள் வந்தன. 1966 பிப்ரவரி 1 அன்று கீட்டன் மறைந்தார்.

முடிவு

கீட்டனின் இயக்கம் என்பது ஒரு மனிதரின் திறமையும் அத்திறமை வேலை செய்வதற்கான ஏற்பாடும் சேர்ந்தது. எம்.ஜி.எம்.மில் நகைச்சுவை நடிகர் ரெட் ஸ்கெல்டனுக்குத் துணுக்கு யோசித்த காலத்தில், ஸ்கெல்டனோடு சேர்த்துத் தமக்கொரு சிறு குழுவைத் தருமாறும், கதையும் இயக்கமும் தாங்களே பார்த்துக்கொள்வதாகவும் நிறுவனத் தலைவரிடம் அவர் கேட்டதாகப் பதிவுண்டு. தமக்கு நடிக்க வாய்ப்புக் கேட்கவில்லை, பழைய பட்டறையைத்தான் கேட்டார். அது கிடைக்கவில்லை.