மேடை யாருக்கு?

1927 டிசம்பர். நியூயார்க்கின் காட்டன் கிளப்பில் கறுப்பரான டியூக் எலிங்டன் ஜாஸ் வாசிக்கத் தொடங்கினார். உட்கார்ந்து கேட்கக் கறுப்பர்களுக்கு அங்கே இடமில்லை.

அதே டிசம்பரில் சென்னைக் காங்கிரஸ் மாநாட்டையொட்டி நடந்த இசை மாநாட்டிலிருந்து 1928இல் மியூசிக் அகாடமி பிறந்தது. மார்கழிக் கச்சேரி வளர்ந்தது. சாவு வீட்டுக்குப் பறையை அழைத்த சமூகம், சபா மேடையில் அதற்கு இடம் வைக்கவில்லை.

2018 ஜனவரியில் சென்னையில் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' கானாவையும் ராப்பையும் ராக்கையும் சேர்த்து மேடையேறியது. பெயருக்கு மூலம், அயோத்திதாசரின் 'சாதிபேதமற்ற தமிழர்'. 2020இல் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையம் அதே மார்கழியில் 'மார்கழியில் மக்களிசை'யைத் தொடங்கியது.

தோழர்களே, எந்த மேடையும் தானாக முளைத்ததில்லை. ஆட்கள் கூடிக் கட்டியதுதான். தூத்துக்குடியிலும் நாம் கட்டலாம். மேடையில் மட்டுமல்ல, முன்வரிசையிலும் நம் மக்கள் உட்கார வேண்டும்.