மைக்கோட்டில் எழுந்த மாளிகைகள்

சென்னை ஓவியக் கல்லூரியின் வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் அதன் தலைவர்களின் வரிசையைக் கொண்டே கூறுவர். 1850இல் கைத்தொழிற் பள்ளியாக அதனைத் தொடங்கிய அலெக்சாண்டர் ஹண்டர், 1929இல் பொறுப்பேற்ற முதல் இந்தியரான தேவிபிரசாத் ராய் சௌத்ரி, 1957 முதல் 1967 வரை முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர் என அவ்வரிசை நீளும். அதன் ஓரத்தில், பதவி எதுவுமின்றிப் பணிக்கரின் மாணவராக மட்டுமே நிற்பவர் கே. இராமானுஜம். அவரை விட்டுவிட்டுச் சென்னை ஓவிய இயக்கத்தின் கதையை முடித்துவிட முடிவதில்லை.

அக்காலக் கலைஞர்களை வருத்திய வினா ஒன்றுண்டு. மேலை நாட்டு நவீன ஓவியத்தின் விடுதலையை ஏற்றுக்கொண்ட பின்னரும் ஓவியம் இம்மண்ணுக்கு உரியதாக அமைவது எங்ஙனம்? பணிக்கர் 1963 முதல் 'சொற்களும் குறியீடுகளும்' என்னும் வரிசையில் சாதகக் கட்டங்களையும் எழுத்து வடிவங்களையும் கொண்டு அதற்கு விடை தேடினார். அது அறிவால் ஆய்ந்து கண்ட விடை. இராமானுஜத்தின் ஓவியங்களிலோ தேடிய தடமே இல்லை. கோபுரமும் தூண் மண்டபமும் சென்னையின் ஆங்கிலேயர் காலத்துக் கட்டடங்களின் குவிமாடங்களும் அங்கே ஒரே நகரத்தின் வீடுகளாக நிற்கின்றன. சிறகு முளைத்த பெண்கள் அவற்றின்மேல் மிதக்கின்றனர், பாம்புகள் நெளிகின்றன. இவற்றினிடையே தொப்பி அணிந்த ஓர் ஆண் உருவம் அவ்வப்போது தோன்றும். அவ்வுருவம் ஓவியரேதான். இத்தனை கூட்டத்திலும் ஓசை கேட்பதில்லை என்பதே வியப்பு. கனவில் காணும் ஊர்வலம் போல எல்லாம் அமைதியாகவே நகர்கின்றன.

பிரான்சு நாட்டைவிட்டு வெளியேறாமலே அடர்ந்த வெப்பக்காடுகளைத் தீட்டிய ஆன்ரி ரூசோவை இங்கு நினைக்கலாம். எனினும் ரூசோவின் காடு தொலைவில் உள்ளது. இராமானுஜத்தின் நகரம் நமக்குப் பழக்கமானது. நடுகற்களில், மாண்ட வீரனை விண்ணுலகுக்கு அழைத்துச் செல்லும் வானமகளிரைப் பார்த்து வளர்ந்த தருமபுரிப் பகுதியினருக்கு அவருடைய பறக்கும் பெண்கள் அயலாராகத் தோன்றமாட்டார்கள்.

1966இல் பணிக்கரின் தலைமையில், பாத்திக் துணிகளை விற்றுச் சேர்த்த பொருளைக் கொண்டு கலைஞர்கள் கடற்கரையோரம் சோழமண்டலம் கலைக் கிராமத்தை அமைத்தனர். இராமானுஜமும் அங்கு வாழ்ந்தார். பேச்சு அவருக்கு எளிதாக வரவில்லை. மனநோயும் அவரை வாட்டியது. 1973இல், முப்பதுகளின் தொடக்கத்திலேயே, தம் வாழ்வைத் தாமே முடித்துக்கொண்டார்.

இவ்விடத்தில்தான் வரலாறு எழுதுவோர் தடுமாறுகின்றனர். அவருடைய நோயைக் கொண்டே அவருடைய ஓவியங்களை விளக்கிவிடும் வழக்கம் வேரூன்றிவிட்டது. (பித்தனான மேதை என்னும் கதையைக் கவிஞர்களாகிய நம்மவரும் சற்று அதிகமாகவே விரும்புகிறோம்.) ஓவியங்கள் அக்கதைக்குச் சான்று கூறவில்லை. மைக்கோட்டை அழிக்க இயலாது. நுண்ணிய கோடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நிழலை உண்டாக்கும் முறைக்கு நடுங்காத கையும் நெடும் பொறுமையும் வேண்டும். மாடத்தின் வளைவும் பாம்பின் உடலும் அவர் தாளில் இடம் மாறி நிற்பதில்லை. ஒவ்வொன்றும் அளந்து வைத்தது போல் அடுத்ததைத் தாங்குகிறது. நோய் அவருடைய நாட்களைக் குறைத்தது. அந்தக் கோடுகளை இட்டது அவர் கற்ற கல்வியும் உழைப்புமே.

வண்ணமும் அவர் கையாண்டார். ஆயினும் கறுப்பு மையில்தான் அந்நகரம் முழுமையாக எழுந்தது. அதன் மாளிகை வாயில்களில் காவலர் எவரும் வழிமறிப்பதில்லை. தொப்பி அணிந்த அந்த மனிதர் அங்கே பேச வேண்டிய தேவையின்றி நடந்து செல்கிறார்.