மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகள்: கண்காணிப்பின் தொடக்க எண்

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த பவளப்பாறைகள் சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் வெட்டியெடுக்கப்பட்டன. 1986இல் இப்பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட பின்னரும் அகழ்வு நின்றபாடில்லை. 2001இல்தான் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றன. மண்டபத்தில் ஆய்ந்த சி.எஸ். கோபிநாத பிள்ளை பவள இனங்களை வகைப்படுத்தினார். வகைப்பாடு வேறு, பரப்பளவைத் தொடர்ந்து அளப்பது வேறு. தீவுதோறும் நீருள் மூழ்கி அளக்கும் விரிவான பணியைத் தூத்துக்குடியின் சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆய்வு நிறுவனம் 2003இல் தொடங்கியது. 2005இல் அது கண்ட உயிருள்ள பவளப் பரப்பு ஏறத்தாழ 37 விழுக்காடு. 2010, 2016 ஆண்டுகளில் கடல் வெப்பத்தால் பவளங்கள் வெளிறி மடிந்தபோது, இழப்பை மதிப்பிட இத்தொடரே துணைநின்றது. ஆயினும் அந்த 37, வெட்டுண்டு எஞ்சிய பாறையின் அளவு. முழு நலத்துடனிருந்த பாறையின் அளவாக அதைக் கொள்வதற்கில்லை.