பொறியின் பேரேடு

பதுளைத் தோட்டங்களில் வளர்ந்தோர்க்குச் செக்றோல் என்னும் பேரேட்டை விளக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் எண்; ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கட்டம். காலையில் பிரட்டுக்களத்தில் ஆளைக் கண்டு, மாலையில் கொழுந்தின் நிறையைப் பார்த்து, அக்கட்டத்தில் முழுப்பேரோ அரைப்பேரோ போடுவர். கட்டத்தில் ஏறாத உழைப்புக்குக் கூலியில்லை. நினைவு என்பது சேமித்து வைத்தல் மட்டுமன்று. இடம் வகுத்துக் கொடுத்தலுமாகும். ஆலைப்பொறிகளை ஆளும் மின்னணுக் கட்டுப்பாட்டுக் கருவியின் வரலாறும் இதனையே கூறுகின்றது.

முன்னாளில் ஆலையின் இயக்க ஒழுங்கு, ரிலே எனப்படும் மின்காந்த ஆளிகளிலும் அவற்றை இணைத்த கம்பிகளிலும் பொதிந்திருந்தது. ஒழுங்கை மாற்ற வேண்டின் கம்பிகளையே கழற்றி மீண்டும் பூட்ட வேண்டும். அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1968ஆம் ஆண்டில் இதற்கு மாற்று வழியை நாடியது. ரிச்சட் மோர்லியும் அவருடைய துணைவர்களும் ஆக்கிய மொடிக்கன் 084 என்னும் கருவி 1969இல் அந்நிறுவனத்தை அடைந்தது. கம்பியில் இருந்த ஒழுங்கு நினைவகத்திற் புகுந்தது.

அந்நினைவகத்தில் ஒரு பகுதி கட்டளைத் தொடருக்கு உரியது. மற்றொரு பகுதியில், ஆளிகளின் அப்போதைய நிலைகள் ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் பதியப்படும். இது பிரட்டு எடுப்பதை ஒக்கும். பின்னர் நேரும் மாற்றம் அடுத்த சுற்றிலேயே தெரியவரும். வெளியே செல்லும் ஆணைகளுக்குப் பிறிதொரு பகுதி. காலக்கணிப்புக்கும் எண்ணிக்கைக்கும் வேறொரு பகுதி. மொடிக்கன் மரபில் முகவரியின் முதல் இலக்கமே பகுதியைக் காட்டும்: வெளியீட்டு ஆளிகளுக்கு 0, உள்ளீட்டு ஆளிகளுக்கு 1, உள்வரும் அளவுகளுக்கு 3, காத்து வைக்கும் எண்களுக்கு 4. ஓர் ஆளிக்கு ஒரு பிட் போதும். அது முழுப்பேரை அல்லது வெறுமையை மட்டுமே அறியும். அரைப்பேரையும் கிலோக் கணக்கையும் குறிக்கப் பல பிட்டுகள் வேண்டும். 16 பிட்டுகள் கொண்ட ஓர் இடத்தில் 0 முதல் 65,535 வரையுள்ள எண்களை எழுதலாம்.

தொடக்கக் கருவிகளின் நினைவகம் நுண்ணிய காந்த வளையங்களால் ஆனது. மின்சாரம் நின்றாலும் காந்தம் மறக்கவில்லை. பின்னர் வந்த குறைகடத்திச் சில்லுகள் விலை மலிந்தவை, விரைவு மிக்கவை. ஆயினும் அவற்றுட் பல, மின்கலத்தின் துணையின்றித் தம்மிடம் உள்ளதைக் காக்க மாட்டா. மின்சாரமின்றியும் நிலைக்கும் சில்லுகள் பிற்காலத்தில் வந்தன. எனினும் எவ்வெண்கள் நிலைக்க வேண்டும், எவை அழியலாம் என்பதைப் பல கருவிகளில் இன்றும் மனிதனே முற்கூட்டி வகுக்கின்றான்.

கொழுந்து மடுவத்து நிறுவையை இத்தகைய கருவி ஒன்றிடம் ஒப்படைத்தோம் என்று கொள்வோம். ஒருத்தி காலை முதல் பறித்த 14 கிலோ, அழியும் இடத்தில் எழுதப்பட்டிருந்தால், மழையில் மின்சாரம் நின்று மீளும்போது அது பூச்சியமாகிவிடும். கருவியில் பழுது இராது. இடம் வகுத்தவரின் கவனக்குறைவே அவளது கூலியைக் குறைத்திருக்கும். பழைய பேரேட்டில் பேர் விடுபட்டால் கணக்கப்பிள்ளையிடம் நியாயம் கேட்கலாம். புதிய பேரேட்டுக்கு முகமில்லை. ஆதலால் நம் தோட்டத்துப் பிள்ளைகள் இக்கருவியை இயக்க மட்டுமன்றி, அதன் கட்டங்களை வகுக்கவும் கற்றல் வேண்டும்.