பாலம் சரியாச்சு, சத்தம் போகலை: ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டின் கதை

இன்னைக்கு எபிசோட் ஒரு சத்தத்துல ஆரம்பிக்குது. டொக்... டொக்.

திருச்சி சிந்தாமணிப் பக்கத்திலிருந்து ஸ்ரீரங்கம் மாம்பழச்சாலைக்குப் போகிற காவிரிப் பாலம் 1976-ல் திறந்தது. பாலத்தின் துண்டுகளுக்கு நடுவே இருக்கிற இணைப்புகள் தேய்ந்துபோய், பல வருஷமா ஒவ்வொரு இணைப்பிலும் வண்டி குதிச்சுத்தான் போகும். எங்க பெரியப்பாவோட ஸ்டாண்டர்டு ஹெரால்டும் அப்படித்தான். முன்பக்கம் டொக்குனு கேட்டா, "பாலம்டா" என்பார். பேச்சு அதோட முடிஞ்சிடும்.

2022 கடைசியில் போக்குவரத்தை நிறுத்திப் பாலத்தின் இணைப்புகளை மாத்தினாங்க. 2023 மார்ச்சில் திரும்பத் திறந்தாங்க. நாங்க ஹெரால்டுல போனோம். பாலம் வழவழன்னு இருந்தது. சத்தம் மட்டும் அப்படியே இருந்தது.

சத்தம் போட்டது புஷ். காரின் முன்சக்கரத்தை சேஸியோடு சேர்க்கிற இரும்புக் கைகளுக்கு விஷ்போன்னு பேர். அந்தக் கை மேலும் கீழும் அசையணும், ஆனா இரும்போடு இரும்பு இடிக்கக் கூடாது. அதுக்காக நடுவில் ஒரு சின்ன ரப்பர் உருளை. உள்ளே ஒரு இரும்புக் குழாய், சுத்தி ரப்பர். ஹெரால்டின் முன்பக்கத்தில், சேஸியோடு சேருமிடத்தில் மட்டும் பக்கத்துக்கு 4, மொத்தம் 8. ரப்பர் காய்ந்து வெடிச்சுட்டா, கை ஆட ஆரம்பிக்கும். அதுதான் அந்த டொக்.

சரி, இந்தக் காருக்கு இப்போ புஷ் எங்கே கிடைக்கும்? இங்கதான் வரலாறு வருது.

1959-ல் இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் கம்பெனி ஹெரால்டை வெளியிட்டது. வடிவமைச்சவர் இத்தாலிக்காரர் ஜியோவானி மிக்கலோட்டி. அப்போ மற்ற கம்பெனிகள் தனி சேஸியை விட்டுட்டு, முழு உடம்பையும் ஒரே கூடாகச் செய்ய ஆரம்பிச்சிருந்தன. ஸ்டாண்டர்டால் அது முடியலை. அவங்களுக்கு பாடி செய்து தந்த ஃபிஷர் அண்ட் லட்லோவை 1953-ல் போட்டிக் கம்பெனியான பிஎம்சி வாங்கிடுச்சு. அதனால ஹெரால்டுக்குத் தனி சேஸி, அதன்மேல் துண்டு துண்டாக போல்ட் போட்ட பாடி.

வேற வழியில்லாம செஞ்சது பின்னாடி பெரிய வசதியாச்சு. அதே பாணி சேஸியைக் குட்டையாக்கி, மேலே இரண்டு சீட்டு வச்சு, 1962-ல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைக் கொண்டு வந்தாங்க. முன் சஸ்பென்ஷன் ஹெரால்டோடதுதான். லோட்டஸ் எலான் கூட முன்சக்கரத்துக்கு ட்ரையம்ஃபின் பாகங்களை வாங்கிப் போட்டுக்கிட்டது.

இதுக்கு நடுவில் 1961-ல் ஹெரால்டு சென்னைக்கு வந்தது. 1948-ல் தொடங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா, வண்டலூர் ஆலையில் அதைத் தயாரிச்சது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்த காலம் அது. பாகங்களை ஒவ்வொன்றாக இங்கேயே செய்யப் பழகினாங்க. இங்கிலாந்தில் இல்லாத நான்கு கதவு ஹெரால்டையும் இங்கே செஞ்சாங்க. 1972-ல் பின்பக்க அச்சையே மாத்தி, கஸெல்னு ஒரு காரும் விட்டாங்க. 1985-ல் வந்த ஸ்டாண்டர்டு 2000 எடுபடலை. ஸ்ரீரங்கத்தில் ராஜகோபுரம் கட்டி முடிச்சது 1987-ல். அடுத்த வருஷம் வண்டலூரில் கார் உற்பத்தி நின்னுபோச்சு.

அதுக்கப்புறம் இங்கே பாகங்கள் குறைஞ்சுகிட்டே வந்தது. ஆனா இங்கிலாந்தில் ஸ்பிட்ஃபயரை ஆசையா வச்சிருக்கிறவங்க நிறைய பேர். அவங்களுக்காக அந்த ரப்பர் புஷ் இன்னும் தயாராகுது. நாங்க வரவழைச்சது ஸ்பிட்ஃபயர் செட். யாரோ ஒருத்தரோட ஸ்போர்ட்ஸ் கார் ஆசையில் எங்க குடும்பக் கார் பிழைச்சிருக்கு.

பாலக்கரையில் ஒரு மெக்கானிக், சின்ன வயசிலேயே ஹெரால்டில் கை பழகினவர். பானெட்டை மட்கார்டோடு சேர்த்து முன்னால் சாய்ச்சார். இந்தக் காரில் டயர் மேலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம். ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் ஒண்ணா இறக்கினார். விஷ்போனுக்குப் பின்னாடி இருந்த மெல்லிய தகடுகளை இடது, வலதுன்னு தனித்தனியா கட்டி வச்சார். சக்கரத்தின் சாய்வு அந்தத் தகடுகளில்தான் இருக்கு. பழைய புஷ்ஷைத் தள்ள அளவான ஒரு குழாய் தேவைப்பட்டது. பெல் ஆலைக்கு வேலை செய்கிற துவாக்குடிப் பட்டறை ஒண்ணில் லேத்தில் கடைஞ்சு வாங்கினோம். புது ரப்பருக்கு எண்ணெய் தொடவே விடலை, சோப்புத் தண்ணிதான். எண்ணெய் பட்டா ரப்பர் ஊதிடும்.

அப்புறம் கீழே பார்த்தார். சக்கரத்தைத் தாங்குற எஃகுத் தண்டின் அடிமுனை, ட்ரன்னியன் என்ற வெண்கலத் துண்டுக்குள்ளே திருகு மாதிரி சுத்தும். அதுக்கு 90 கியர் ஆயில்தான் விடணும். கிரீஸ் வச்சா மரையின் அடி வரைக்கும் போகாது. தண்ணி இறங்கும், துரு பிடிக்கும், ஒரு நாள் தண்டே முறியும்.

பெரியப்பா ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் தன் கையாலேயே அங்கே கிரீஸ் அடிப்பார்.

மெக்கானிக் மரையில் நகத்தை ஓட்டினார். "நகம் மாட்டுது தம்பி. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தா, பாலத்து மேலயே சக்கரம் படுத்திருக்கும்" என்றார். பெரியப்பா ஒண்ணும் சொல்லலை. தண்டும் ட்ரன்னியனும் வரும்வரை கார் ஒன்றரை மாசம் அங்கேயே நின்னுச்சு.

எல்லாம் மாட்டினதும் நான் ஸ்பேனரை எடுத்தேன். கையைத் தட்டிவிட்டார். "அந்தரத்துல முறுக்காதே. வண்டி தரையில உட்காரட்டும்." சக்கரம் தொங்கும்போது போல்ட்டை இறுக்கினா, ரப்பர் அந்த நிலையிலேயே பிடிச்சுக்கும். கார் தரைக்கு வந்ததும் எப்பவும் முறுக்கிக்கிட்டே இருந்து சீக்கிரம் கிழியும்.

ஒரு சாயங்காலம் காரை எடுத்துக்கிட்டு பாலத்துக்கு வந்தோம். கண்ணாடியை இறக்கிவிட்டு, ரேடியோவை அணைச்சுட்டு, காதைத் தீட்டிக்கிட்டு உட்கார்ந்திருந்தோம். சத்தமே இல்லை. மாம்பழச்சாலை வந்த பிறகுதான் பெரியப்பா வாயைத் திறந்தார்.

"அந்த ஆயில் டப்பாவை எங்கடா வச்ச?"

உங்க வீட்டுலயும் ஒரு பழைய வண்டி ஏதோ சொல்லிக்கிட்டு இருக்கலாம். ரோடு மேல பழி போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஜாக்கி போட்டுப் பாருங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.