பொறுப்பும் பயிற்சியும்: பேராக் தமிழ்க் கிறிஸ்தவரிடையே இளையோர் பணியின் விரிவாக்கம்

பதின்பருவத்தினரையும் இருபதுகளில் இருப்போரையும் நம்பிக்கை வாழ்வில் ஊன்றச் செய்து, திருச்சபையின் பணிகளை அவர்களே ஏற்று நடத்தும்படி வளர்க்கும் முயற்சிகள் ‘இளையோர் பணி’ எனப்படுகின்றன. கடந்த நாற்பது ஆண்டுகளில் இப்பணி உலகளாவிய ஒரு துறையாகவே வளர்ந்துவிட்டது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தொடங்கிவைத்த உலக இளையோர் நாள் 1995இல் மணிலாவில் 40 லட்சத்துக்கும் மேற்பட்டோரையும், 2023இல் லிஸ்பனில் ஏறத்தாழ 15 லட்சம் பேரையும் திரட்டியது; ஆசிய இளையோர் நாள் 1999இல் தாய்லாந்தின் ஹுவா ஹின்னில் தொடங்கியது; சீர்திருத்தச் சபைகளின் இளைஞர் அமைப்புகளும் தத்தம் பயிற்சிப் பாடத்திட்டங்களைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுசென்றன. இம்முயற்சிகளின் விரிவு பெரும்பாலும் கூடியோர் தொகையாலும், பயிற்சி பெற்றோர் பட்டியலாலும், சென்றடைந்த நாடுகளின் எண்ணிக்கையாலும் அளக்கப்படுகிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்துத் தமிழ்க் கிறிஸ்தவரின் வரலாற்றைச் சிலிபினை மையமாக வைத்து நோக்கும்போது இவ்வளவுகோல் போதாது என்பது புலப்படுகிறது. இளந்தலைவர்கள் உருவான இடங்களில் பொறுப்பு முந்தியும் பயிற்சி பிந்தியும் வந்தன. இந்த வரிசை தலைகீழானபோது முகாம்கள் பெருகினவேயன்றித் தலைமை பெருகவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஈப்போ நகரின் வடமேற்கே, புந்தோங், ஜெலாப்பாங் ஆகிய தமிழர் நெருங்கி வாழும் பகுதிகளை ஒட்டி அமைந்தது சிலிபின். இங்குள்ள லூர்து அன்னை ஆலயம் தமிழ்க் கத்தோலிக்கர் தம் சொந்தக் கோயிலாகக் கருதும் ஆலயங்களுள் ஒன்று. பிப்ரவரி 11ஆம் நாளை ஒட்டிய அன்னையின் திருவிழாவில் கொடியேற்றம், நவநாள், தேர்பவனி என்னும் தமிழக மரபுகள் இன்றும் தொடர்கின்றன. மலேசிய இந்தியருள் கிறிஸ்தவர் ஏறத்தாழ 6 விழுக்காட்டினரே என்று 2010ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு காட்டுகிறது. நாட்டில் சிறுபான்மையான ஓர் இனத்துக்குள்ளும் சிறுபான்மையராக வாழும் இவர்கள் கத்தோலிக்கர், மெதடிஸ்டுகள், லுத்தரன்கள், ஆங்கிலிக்கர், பெந்தெகொஸ்தே சபையினர் எனப் பலவாகப் பிரிந்தும் உள்ளனர். ஆகவே ‘விரிவாக்கம்’ என்னும் சொல் இங்கு எதைக் குறிக்கக்கூடும் என்பதைத் தொடக்கத்திலேயே வரையறுத்துக்கொள்ள வேண்டியுள்ளது. முஸ்லிம்களிடையே பிற சமயங்களைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்தக் கூட்டரசு அரசமைப்பின் 11ஆம் பிரிவின் 4ஆம் உட்பிரிவு இடமளிக்கிறது. பேராக்கில் அதற்கான மாநிலச் சட்டம் 1988இல் இயற்றப்பட்டது. இத்தகைய சூழலில் விரிவாக்கம் என்பது ஏற்கெனவே உள்ள சமூகத்துள் பொறுப்பேற்போர் பெருகுவதையும், புலம்பெயர்ந்து செல்லும் இளைஞர் சென்ற இடத்தில் புதிய குழுக்களைத் தொடங்குவதையுமே முதன்மையாகக் குறிக்கும்.

தோட்டப்புறக் காலத்தில் இப்பொறுப்பு இளைஞர்மீது தானாகவே வந்து விழுந்தது. ரப்பர்த் தோட்டங்கள் நகரிலிருந்து தொலைவில் இருந்தன. குருக்கள் மிகச் சிலர். பாரிஸ் வெளிநாட்டு மறைப்பணிச் சங்கத்தைச் சேர்ந்த பிரெஞ்சுக் குருக்கள் தமிழ் கற்றுக்கொண்டு தோட்டந்தோட்டமாகச் சென்றபோதிலும், ஒரு தோட்டத்துக்கு அவர்கள் மீண்டும் வர வாரக்கணக்கில் ஆகும். இடைப்பட்ட நாள்களில் இறைவேண்டலை வழிநடத்தியவரும், பிள்ளைகளுக்கு மந்திரங்களைக் கற்பித்தவரும், சாகக்கிடப்போரின் அருகில் நின்றவரும் உபதேசியார் எனப்பட்ட பொதுநிலையினரே. அதிகாலையில் இருள் விலகுமுன் பெரட்டு எனப்பட்ட ஆள்கணக்கெடுப்புக்கு நின்று பெயர் கொடுத்து, நண்பகல்வரை பால் வெட்டி, வாளிகளைச் சுமந்து நிறுவைக்குக் கொண்டுசேர்த்த பின்னரே தொழிலாளிக்குத் தன் நேரம் என்று ஒன்று கிடைத்தது. எனவே வழிபாடு மாலையில் தொழிலாளரின் வரிசைக் குடியிருப்பான லயத்து வாசலில் நடந்தது. எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த இளைஞனோ இளம்பெண்ணோ மண்ணெண்ணெய் விளக்கருகே புத்தகத்தை ஏந்த, மற்றவர்கள் பதிலுரைத்தனர். எவரும் அவர்களைத் ‘தலைவர்’ என்று அழைத்ததுமில்லை, பயிற்சிக்கு அனுப்பியதுமில்லை. வாசிக்கத் தெரிந்ததால் வாசித்தனர், வாசித்ததால் கேட்கப்பட்டனர், கேட்கப்பட்டதால் கற்றனர்.

இக்காலத்தை மிகைப்படுத்திப் போற்றுவதற்கு இடமில்லை. தொழிலாளரை மேற்பார்த்த கங்காணியின் அதிகாரமும் சாதிப் படிநிலையும் லயத்துக்குள் மட்டுமன்றி வழிபாட்டுக்குள்ளும் நுழைந்திருந்தன. பெண்கள் கற்பிக்க அனுமதிக்கப்பட்டார்களே தவிர முடிவெடுக்க அழைக்கப்படவில்லை. உபதேசியாரின் சொல் சில இடங்களில் கங்காணியின் சொல்லுக்கு எதிரொலியாகவே இருந்தது. ஆயினும் ஆள்பற்றாக்குறை என்னும் ஒரே காரணத்தால், பிற்காலத்து இளையோர் பணித் திட்டங்கள் பெருஞ்செலவில் எட்ட முயலும் ஒன்றை அக்காலம் செலவின்றிச் சாதித்தது என்பதை மறுக்க இயலாது.

இந்த ஏற்பாட்டுக்குக் கொள்கை வடிவம் கிடைத்தது பெல்ஜியத்திலிருந்து. ஜோசப் கார்டைன் என்னும் குரு 1925இல் முறைப்படி நிறுவிய இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம், ஆலைகளில் உழைக்கும் இளைஞரைச் சிறு குழுக்களாக ஒன்றுசேர்த்து, ‘காண், சீர்தூக்கு, செயல்படு’ என்னும் மூன்று படிகளில் அவர்களைப் பழக்கியது. தம் வேலையிடத்தில் நடப்பதை இளைஞர் முதலில் உற்றுநோக்கி விவரிப்பர். அடுத்து அதை நற்செய்தியின் ஒளியில் எடைபோடுவர். மூன்றாவதாக, அவ்வாரமே செய்யக்கூடிய ஒரு செயலைத் தேர்ந்து அதற்குப் பொறுப்பேற்பர். திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் 1961இல் வெளியிட்ட சமூகச் சுற்றுமடலில் இம்முறையை வெளிப்படையாகப் பரிந்துரைத்தார். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வேர்கொண்ட இவ்வியக்கத்தின் சிறப்பு, பயிற்சியைத் தனி நிகழ்ச்சியாகப் பிரித்தெடுக்காமல் செயலின் உள்ளேயே வைத்ததில் அடங்கியுள்ளது. சம்பளச் சீட்டில் பிடித்தம் ஏன் என்று கேட்கப்போன இளைஞர், கேட்டபின் குழுவுக்கு வந்து அறிக்கை தருவார். அவ்வறிக்கையே அடுத்த பாடம்.

மலேசியத் திருச்சபையும் தன் போக்கில் இதே திசைக்குத் தள்ளப்பட்டது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் குடியுரிமையற்றோர்க்கு வேலை உரிமத்தைக் கட்டாயமாக்கியதால் ஆயிரக்கணக்கான தோட்டத் தமிழர் இந்தியாவுக்குத் திரும்பினர். வெளிநாட்டு மறைப்பணியாளர் தங்கும் காலத்தையும் அரசு மட்டுப்படுத்தியது. மக்களும் குருக்களும் ஒருசேரக் குறைந்த இந்நெருக்கடியில், தீபகற்ப மலேசியாவின் கத்தோலிக்கக் குருக்கள் 1976இல் பினாங்கில் ஒரு மாதம் கூடி இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் வழியில் தம் திருச்சபையின் எதிர்காலத்தை ஆராய்ந்தனர். அண்டைவீட்டுக் குடும்பங்கள் சில சேர்ந்து மறைநூல் வாசித்துத் தம் சுற்றுப்புறத் தேவைகளைக் கவனித்துக்கொள்ளும் சிறு சமூகங்கள், அதாவது தமிழில் அன்பியங்கள் எனப்படுபவை, மலேசியப் பங்குகளில் முன்னுரிமை பெற்றதற்கு அக்கூட்டமே தூண்டுகோல். 1986 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடந்துவரும் மேய்ப்புப்பணி மாநாடுகளும் அத்தடத்திலேயே சென்றன.

ஆனால் அன்பியம் வேர்விட வேண்டிய அதே ஆண்டுகளில் அதன் நிலம் பெயர்ந்தது. ரப்பர் எண்ணெய்ப்பனைக்கு இடம்விட, எண்ணெய்ப்பனை வீடமைப்புத் திட்டங்களுக்கு இடம்விட, தோட்டத்துக் குடும்பங்கள் ஈப்போவின் ஓரங்களில் வந்து குடியேறின. துண்டாடப்படும் தோட்டங்களைத் தொழிலாளரே வாங்கிக்கொள்ளும் பொருட்டு, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் சில தோட்டங்களைக் காப்பாற்றியது. எல்லாவற்றையும் காப்பாற்ற அதனால் இயலவில்லை. நகருக்கு வந்தவர்கள் அலுவலகமும் பங்குப் பேரவையும் நிலையான குருவும் உடைய ஆலயத்தைக் கண்டனர். இது ஆறுதலளித்த மாற்றமே. ஆயினும் லயத்தில் வாசித்தவரின் பிள்ளை நகரத்துப் பங்கில் வரிசையில் நின்றது. திருவிழா நாளில் இளைஞர் ஒரே நிறச் சட்டையணிந்து வாகனங்களை ஒழுங்குபடுத்துவர், நாற்காலி அடுக்குவர், அன்னதானம் பரிமாறுவர், தேருக்குப் பூச்சோடிப்பர். விழாவின் வரவுசெலவையும் மறையுரையாளர் யார் என்பதையும் முடிவு செய்யும் கூட்டத்தில் அவர்களுக்கு இருக்கை இராது. நகர்ப்புறப் பங்குகளில் பரவலாகக் காணப்படும் இந்நிலை இளைஞரின் உழைப்பை வேண்டுகிறது, தீர்ப்புத்திறனை வேண்டவில்லை.

அரசியல் சூழலும் இதற்குத் துணைசெய்தது என்று கருத இடமுண்டு. 1987 மே, ஜூன் மாதங்களில் சிங்கப்பூரில் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் கைதான 22 பேருள் கத்தோலிக்கச் சமூகப் பணியாளர் பலர் இருந்தனர். அதே ஆண்டு அக்டோபரில் மலேசியாவில் தொடங்கிய லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கு மேற்பட்டோர் கைதாயினர். ‘செயல்படு’ என்னும் மூன்றாம் படி ஆபத்தானது என்ற அச்சம் பெற்றோரிடமும் குருக்களிடமும் பரவியிருந்தால் அதில் வியப்பில்லை. வார இறுதி முகாம், புகழ்ச்சி வழிபாடு, தலைமைத்துவப் பட்டறை ஆகியவை பாதுகாப்பான மாற்றாக அமைந்தன. இவற்றின் பயனை முற்றாக மறுப்பது நேர்மையன்று. தனிமையில் தவிக்கும் இளைஞர்க்கு நண்பர்களையும், மன்றாடும் பழக்கத்தையும் இவை தந்துள்ளன. எனினும் முகாம் முடிந்து திங்கட்கிழமை வீடு திரும்புவோர்க்குக் காத்திருக்கும் பணி எதுவும் இல்லாதபோது, கற்றது அடுத்த முகாம்வரை பயன்படாமலே கிடக்கிறது.

தமிழ்க் கிறிஸ்தவ வரலாற்றின் பிற பக்கங்களும் இதற்குச் சான்று பகர்கின்றன. தென்னிந்தியத் தமிழரான வேதநாயகம் சாமுவேல் அசரியா 1895இல் தம் 21ஆம் வயதளவில் கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தின் செயலாளரானார். 1902இல் யாழ்ப்பாணம் சென்றவர், அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் வெளியாரை எதிர்பாராமல் நடத்திவந்த மறைப்பணியைக் கண்டு, தம் சமூகத்தால் அது ஏன் இயலாது என்ற கேள்வியோடு திரும்பினார். மறு ஆண்டே திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் உருவாயிற்று. ஆளும் பணமும் நிருவாகமும் உள்நாட்டினருடையவையாகவே இருக்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. பணத்தையும் நிருவாகத்தையும் விலக்கி ஆளை மட்டும் கேட்டிருந்தால் அச்சங்கம் தொண்டர் படையாகவே நின்றிருக்கும். யாழ்ப்பாணத்து மெதடிஸ்டான டி. தி. நைல்ஸ் 1938இல் தாம்பரத்தில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில் கலந்துகொண்டபோது அவருக்கு வயது 30. பத்தாண்டு கழித்து ஆம்ஸ்டர்டாமில் உலகத் திருச்சபைகள் மன்றத்தின் தொடக்க வழிபாட்டில் அவர் உரையாற்றினார். 1959இல் கோலாலம்பூரில் முறைப்படி தொடங்கிய கிழக்காசியக் கிறிஸ்தவ மாநாட்டின் முதல் பொதுச்செயலாளரும் அவரே. கோலாலம்பூர்க் கூட்டம் நடந்த நாட்டிலேயே தமிழ் இளைஞர் தலைமைக்குத் தமிழ்ச் சமூகத்துக்கு வெளியிலிருந்து மாதிரி தேட வேண்டியதில்லை என்பதை இங்குக் குறிப்பிடுவது பொருந்தும்.

இவ்வாதத்துக்கு இரு தடைகள் எழுப்பப்படலாம். பக்குவம் இல்லாதவரிடம் பொறுப்பை ஒப்படைப்பது அவருக்கும் அவர் வழிநடத்துவோர்க்கும் தீங்காகும், குறிப்பாகச் சிறுவர் பாதுகாப்பு விதிகள் கடுமையாகியுள்ள இக்காலத்தில் அது பொறுப்பின்மையே என்பது முதல் தடை. இது வலுவானது, ஆனால் இது பொறுப்பைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை, அளந்து கொடுக்கவும் உடனிருந்து கண்காணிக்கவும் சொல்கிறது. ஓர் அன்பியத்தின் மாதச் சந்திப்பு, நோயுற்றோர் சந்திப்புப் பட்டியல், ஒரு சிறு தொகையின் கணக்கு ஆகியவற்றில் தொடங்கலாம். தவறினால் திருத்தக்கூடிய அளவிலான பணிகளே கற்பிக்கும் தன்மை கொண்டவை. 2019இல் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட இளையோர் பற்றிய திருத்தூது ஊக்கவுரையும், இளையோரே இளையோர் பணியை முன்னின்று நடத்துவோர் என்று கொள்வதோடு, அவர்களுடன் நடக்கும் மூத்தோரின் தேவையையும் பேசுகிறது.

இரண்டாம் தடை இடப்பெயர்வு. 1985இல் ஈய விலை சரிந்தபின், ஈப்போ அமைந்துள்ள கிந்தா பள்ளத்தாக்கின் இளைஞர் வேலைதேடிக் கிள்ளான் பள்ளத்தாக்குக்கும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் செல்வது வழக்கமாகிவிட்டது. இடைநிலைப்பள்ளி இறுதித் தேர்வான எஸ்பிஎம் முடிந்ததும் வெளியேறப்போகும் ஒருவருக்குப் பங்கின் பொறுப்பைத் தருவது வீண் என்று பேரவை உறுப்பினர் நினைப்பது இயல்பே. இக்கணக்கு ஆலயத்தைத் தனித்தீவாகக் கொள்கிறது. கம்பாரின் துங்கு அப்துல் ரகுமான் பல்கலைக்கழகத்துக்கும் ஈப்போவின் உங்கு உமார் பாலிடெக்னிக்குக்கும் பிற மாநிலத்து மாணவர் வருகின்றனர்; சிலிபினிலிருந்து செல்வோர் வேறெங்கோ சென்றடைகின்றனர். ஓர் அன்பியத்தை நடத்திப் பழகியவர் சிங்கப்பூரின் அடுக்குமாடி விடுதியிலும் ஐந்து பேரைக் கூட்ட வல்லவர். முகாமில் பங்கேற்றவர் அங்கு மற்றொரு முகாமைத் தேடுவார். உலகளாவிய விரிவாக்கம் என்பது தமிழருக்கு நூற்றாண்டுக் காலமாக இவ்வழியில்தான் நிகழ்ந்துள்ளது.

இதனோடு பிணைந்த ஒன்று மொழி. பயிற்சி ஏடுகளும் மாநாட்டு உரைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் அமைவதால், தமிழ்ப்பள்ளியில் படித்து இடைநிலைப்பள்ளியில் மலாய்க்கு மாறிய பிள்ளைகளைவிட ஆங்கிலம் பேசும் குடும்பத்துப் பிள்ளைகளே தலைவராகத் தெரிவாகும் வாய்ப்பு மிகுதி. தமிழ்த் திருப்பலியில் வாசகம் வாசிக்கவும் பாடகர் குழுவை நடத்தவும் வல்ல இளைஞர் தேசிய அளவிலான பயிற்சிக்குத் தகுதியற்றவராகக் கருதப்படும் விந்தை இதனால் நேர்கிறது. பயிற்சியைப் பொறுப்பின் பின்னால் வைத்தால் இச்சிக்கலில் ஒரு பாதியேனும் தீரும். எவர் ஏற்கெனவே பணியாற்றுகிறாரோ அவருக்கு விளங்கும் மொழியில் பயிற்சி வந்தாக வேண்டும்.

இடம்பெயரும் இளைஞரின் பொறுப்பு சென்ற இடத்திலும் தொடர நடைமுறையில் வேண்டியது பெரிய நிதியன்று. ஊர்மாறும் உறுப்பினருக்குப் பழைய சபை மாற்றுச்சான்று அனுப்பும் வழக்கம் மெதடிஸ்டுகளிடம் உண்டு. கத்தோலிக்கப் பங்குகளும் திருமணத்தின்போது திருமுழுக்குச் சான்றிதழை மற்றொரு பங்கிலிருந்து கேட்டுப் பெறுகின்றன. இத்தாள்களில் ஒருவர் எங்கே திருமுழுக்குப் பெற்றார், எப்போது உறுதிப்பூசுதல் பெற்றார் என்பவை உண்டு. எந்த அன்பியத்தை எத்தனை ஆண்டு நடத்தினார், எத்தனை பிள்ளைகளுக்கு மறைக்கல்வி கற்பித்தார் என்பதற்கு ஒரு வரி இல்லை. அவ்வரியைச் சேர்த்து அனுப்ப ஒரு பங்கு அலுவலகத்துக்கு ஒரு நிமிடம் போதும்; அதைப் பெறும் பங்கு, வந்தவரை வரவேற்புக் குழுவில் சட்டை அணியச் சொல்வதற்குமுன் அதை வாசித்தால் போதும்.